காப்பு மெலியார்க்கு, கட்டுப்பாடு வலியார்க்கு!

(சவ்வாது மலை, சமுனாமரத்தூரில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்.)



சேயாறு பிறக்கின்ற மலை இது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனின் நாட்டையும் இந்தச் சேயாற்றையும் கழகக் காலத்திலேயே பாடி வைத்தது. அத்தகைய மண்ணில் நின்று இலக்கியம் பேசவே என் நெஞ்சம் விழைகின்றது. ஆயினும் இன்று நான் பேச வந்தது நோயைப் பற்றி. அதற்குக் கரணியம் உண்டு.

சென்ற முறை நான் இவ்வூர்க்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்த பின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, அந்த நோய் கிழவர்களையும் நோயாளிகளையும் தானே மிகுதியாகக் கொன்றது? அவர்களை மட்டும் வீட்டோடு இருத்திவிட்டு எங்களை வேலைக்கு விட்டிருக்கலாமே! அடுத்த முறையாவது அப்படிச் செய்யச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். அவர் திருப்பூரில் பின்னலாடை வேலை செய்தவர். 2020இல் வேலையிழந்து, பாதித் தொலைவு நடந்தும் பாதித் தொலைவு சரக்குந்தில் ஏறியும் மலைக்குத் திரும்பியவர். அவர் வினாவில் கல்நெஞ்சம் இல்லை. காய்ந்த வயிறு இருந்தது. “எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி” என்று மட்டும் கூறி மலையிறங்கினேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று நிற்கின்றேன்.

முதலில் நடந்ததை நினைவுகூர்வோம். கொரோனா என்று அயன்மொழியில் வழங்கும் மகுடை நோய் பரவத் தொடங்கிய காலம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் இரவு 8 மணிக்கு இந்தியத் தலைமை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுதும் முடக்கம் என்றார். 130 கோடி மக்கட்கு அவர் கொடுத்த நேரம் நான்கு மணி! அந்த அறிவிப்பும் இந்தியில்! தன் பிழைப்பை முடக்கும் ஆணையைத் தன் தாய்மொழியில் கேட்கும் உரிமைகூட இல்லாதவனாகத் தமிழன் அன்றிரவு அமர்ந்திருந்தான்.

அம்முடக்கம் இம்மலையில் எப்படி இறங்கிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். மார்ச்சுத் திங்கள் புளி உலுக்கும் காலம். உலுக்கிய புளியும், எடுத்த தேனும், அறுத்து வைத்த சாமையும் கீழே இறங்க வழியின்றிக் கிடந்தன. இம்மலை மக்கள் ஆந்திரம், கேரளம், கருநாடகம் என்று கூலிக்குப் போகின்றவர்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவ்வாறு பிழைப்புத் தேடிப் போன இடத்தில் என்ன நேரும் என்பதை 2015 ஏப்பிரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் கண்டோம். அன்று ஆந்திரக் காவற்படை சுட்டு வீழ்த்திய தமிழர் இருபதின்மருள் இம்மலையினரும் இருந்தனர். சாவு காத்திருக்கும் காட்டுக்கே கூலிக்குச் சென்ற மக்களைப் பார்த்து, “வீட்டில் இரு, நோய் வரும்” என்றால், “வீட்டில் பசி வந்துவிட்டதே” என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

ஆகவே அந்த இளைஞரின் வழக்கை நான் தள்ளவில்லை. முழு முடக்கம் என்பது மாளிகையில் இருந்தவனுக்கு ஓய்வாகவும், நாட்கூலிக்காரனுக்குப் பட்டினியாகவும் அமைந்தது. ஒரே சட்டம், இரண்டு வாழ்வு. இந்தக் குறையைச் சுட்டியவர்கள் மலையில் மட்டும் இல்லை. 2020 அக்டோபர் 4ஆம் நாள் அமெரிக்காவில் கிரேட் பாரிங்டன் என்னும் ஊரில், ஆர்வர்டு, ஆக்சுபோர்டு, சிடான்போர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பேராசிரியர் மூவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். முதியோரையும் நோயால் எளிதில் வீழ்வோரையும் தனியே குறித்துக் காக்க வேண்டும், மற்றையோர் இயல்பு வாழ்வை நடத்தட்டும், அவர்களிடையே நோய் பரவி எதிர்ப்பாற்றல் வளரட்டும் என்பது அதன் சாரம். பத்து நாள்களுக்குள் வேறு அறிவியலாளர் பலர் இலான்செட்டு மருத்துவ இதழில் அதனை மறுத்து எழுதினர். உலக நலவாழ்வு அமைப்பின் தலைவரும், நோயைத் தடையின்றிப் பரவவிடுவது அறமன்று என்றார்.

இரு பக்கமும் படித்தவர்கள். நாம் எப்பக்கம் நிற்பது? மூன்று வினாக்களை எழுப்பி, நம் மலையையும் நம் வீட்டையும் வைத்தே விடை காண்போம்.

முதல் வினா: மெலியார் யார்?

அகவை ஏற ஏற இந்நோயில் சாவும் ஏறிற்று என்பது மெய். ஆனால் முதியோர் என்பார் ஒரு கைப்பிடி மக்களா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர்க்கு மேல் அறுபது அகவை கடந்தவர். நீரிழிவு உடையோர் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. குருதி அழுத்தம் உடையோரையும், சூலுற்ற பெண்டிரையும், நெஞ்சுநோய், சிறுநீரக நோய் உடையோரையும் இவர்களோடு கூட்டிப் பாருங்கள். தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர் எத்தனை பேர்! ஆய்வுக்கூடத்திற்கு மலையிறங்கிச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய மக்களிடம், “நீ மெலிந்தவனா, வலிந்தவனா?” என்று எந்தப் பட்டியலை வைத்துக் கேட்பது? 2021 ஏப்பிரல், மே திங்கள்களில் எழுந்த இரண்டாம் அலை, வலியர் என்று நாம் எண்ணியிருந்த நாற்பது அகவையினரையும் வாரிக்கொண்டு போயிற்றே! அப்போது கிழித்த கோடு எங்கே போயிற்று?

இரண்டாம் வினா: மெலியாரைத் தனியே எங்கே வைப்பது?

மேலைநாட்டில் கிழவர்க்கு ஒரு வீடு, மகனுக்கு ஒரு வீடு. இங்கோ ஒரே கூரை. அந்தக் கூரைக்கு அடியில் பாட்டியின் மடியில்தான் பேரன் வளர்கின்றான். தாயும் தந்தையும் கூலிக்குப் போன வீட்டில் பாட்டிதான் தாய், பாட்டிதான் காவல். அவளைப் பூட்டிவிட்டுப் பேரனை வெளியே விடுவது எப்படி? பேரனோடு வரும் நோய்க்குக் கதவு ஏது?

வள்ளுவப் பேராசான் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு, அருகிருந்து பேணுபவனை நான்காவதாக வைத்தார். இந்த நான்காம் கூற்றைத்தான் நம் காலத்து அறிவாளர் சிலர் மறந்தனர். முதியவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் யார்? மருந்து வாங்கி வருபவன் யார்? வெளியே சென்று வரும் மகளும் மருமகனும்தாம். ஊரெங்கும் நோய் ஓடுமானால், பேணுகின்ற கையே நோயைக் கொண்டுவரும் கையாகிவிடும். பேணுகின்ற கையையும் விலக்கினாலோ, நோய் கொல்லாதவளைத் தனிமை கொன்றுவிடும்.

இதைச் சுவீடன் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. முழு முடக்கம் வேண்டா, முதியோரைக் காப்போம் என்று அந்நாடு முனைந்தது. முதியோர் இல்லங்களுக்கு உறவினர் வருவதையும் 2020 ஏப்பிரல் முதல் தடுத்தது. ஆயினும் அவ்வில்லங்களில் சாவு குவிந்தது. முதியோரைக் காக்கும் முயற்சி தோற்றது என்று 2020 திசம்பரில் அந்நாட்டு அரசு அமைத்த குழுவே அறிக்கை தந்தது. குமுகத்தில் நோய் பரவலாக இருந்ததே அதற்குத் தலையாய கரணியம் என்றும் அக்குழு சுட்டியது. செல்வம் கொழிக்கும் நாட்டில், தனி இல்லமும் தனி ஊழியரும் இருந்தும் இந்நிலை என்றால், ஒற்றை அறைக் குடிசையில் கோடு கிழிப்பது எங்ஙனம்?

மூன்றாம் வினா: கோடு கிழிப்பவன் யார்?

தோழர்களே! இதுவே என் நெஞ்சை அறுக்கும் வினா. ‘சிலரை மட்டும்’ கட்டுப்படுத்துவோம் என்று ஆட்சி புறப்பட்டபோதெல்லாம், அந்தச் சிலர் யாராக இருந்தனர் என்று வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள்.

1898ஆம் ஆண்டு வெள்ளை அரசு தொழுநோயர் சட்டம் ஒன்று இயற்றியது. அச்சட்டம் காவலரை ஏவிப் பிடித்து அடைக்கச் சொன்னது எந்தத் தொழுநோயரை? பிழைக்க வழியற்ற, இரந்துண்ணும் வறிய தொழுநோயரை! செல்வனாகப் பிறந்த தொழுநோயன் தன் மாளிகையிலேயே இருக்கலாம். நோய் ஒன்றே, ஆனால் கட்டு வறியவனுக்கு மட்டும். வெள்ளையன் போன பின்பும் அச்சட்டம் ஏட்டில் உயிரோடிருந்து, 2016இல்தான் நீக்கப்பட்டது.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் மண்டபம் முகாம் இருக்கின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில், தோட்டக்கூலியாகப் போன தமிழனைத் தொற்றுநோய்த் தடுப்பு என்னும் பெயரால் அடைத்து வைத்து ஆய்ந்த இடம் அது. அவன் உழைப்பு வேண்டும். அவன் மூச்சு மட்டும் வேண்டா! அதே முகாமில்தான் பிற்காலத்தில் ஈழத்தமிழ் ஏதிலியர் குடியேற்றப்பட்டனர். அடைக்கப்படுவோர் பெயர் மாறிற்று, இனம் மாறவில்லை.

சிலரை மட்டும் கட்டும் கயிறு எப்போதும் எளியவன் கழுத்தையே தேடி வருகின்றது. “மெலியாரைக் காக்க மெலியாரைக் கட்டுவோம்” என்னும் சொல் முதலில் இனிமையாகத்தான் ஒலிக்கும். 2020 மே முதல் இந்திய அரசின் ஆணைகளில், 65 அகவை கடந்தோரும் நோயுடையோரும் சூலுற்றோரும் பத்து அகவைக்குட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்னும் அறிவுரை இடம்பெற்றது. நல்லது. ஆனால் வீட்டில் இருக்கச் சொன்ன கிழவிக்குச் சோறு யார் தருவது? அன்று தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை திங்களுக்கு உருபா 1000. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு, காட்டில் சுள்ளி பொறுக்கும் உரிமையையும் விட்டு அவள் எத்தனை திங்கள் உட்கார்ந்திருப்பாள்?

இங்கே சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழாசிரியன் சொல்லை விட்டு அகல மாட்டான் அல்லவா? ‘சமூக விலகல்’ என்று ஒரு தொடரை அன்று எங்கும் எழுதினார்கள். ஆங்கிலத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்த தொடர். தீண்டாமை என்னும் கொடுமையை நூறு தலைமுறையாகச் சுமந்த நாட்டில் இச்சொல்லின் பொருள் என்ன? உலக நலவாழ்வு அமைப்பே 2020 மார்ச்சில் அச்சொல்லை விட்டு, விலகி நிற்க வேண்டியது உடலே, உறவு அன்று என்று திருத்திக்கொண்டது. நாமும் ‘உடல் இடைவெளி’ என்றே சொல்லியிருக்கலாம். ‘ஊரடங்கு’ என்றார்கள், கலகத்தை ஒடுக்க எழுந்த சொல்லால் நோயுற்ற மக்களை அழைத்தோம். தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் இந்திய அரசின் வலைத்தளத்தில் 2021 சூனில் பிறமொழிகள் பல சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டிருந்தது. குரல் எழுந்த பின்னரே இடம்பெற்றது. புரியாத மொழியில் வரும் மருந்து, மருந்தாகத் தோன்றாது, அச்சமாகத்தான் தோன்றும்.

சரி, அவ்வாறாயின் முழு முடக்கமே நன்று என்கின்றேனா? இல்லை! ஓர் ஆசிரியனாக அதை நான் சொல்லவே மாட்டேன்.

இந்நோயால் மிகக் குறைந்த சாவைக் கண்டவர் குழந்தைகள். மிக நீண்ட கட்டுப்பாட்டைச் சுமந்தவரும் குழந்தைகளே. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளி 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தது; பத்தொன்பது திங்கட்கு மேல்! மதுக்கடை எப்போது திறந்தது? 2020 மே 7ஆம் நாள். வழக்கு மன்றங்களில் சில நாள் இழுபறி; மே 16 முதல் மீண்டும் திறப்பு. அதாவது, எழுத்தறியும் பிள்ளையைவிடச் சாராயம் குடிக்கும் தந்தை பதினேழு திங்கள் முன்னதாக விடுதலை பெற்றான்! 2021இல் பள்ளிகள் மூடிக் கிடக்கையிலேயே தேர்தல் பரப்புரைக் கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. அதே ஏப்பிரலில் அரித்துவாரில் கும்பமேளாவுக்கு இலக்கக்கணக்கானோர் ஆற்றில் இறங்கினர். தடுக்க வேண்டியதைத் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாததைத் தடுத்தனர்.

இம்மலையில் காவலூர் இருக்கின்றது. விண்மீனின் ஒளியை அளக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் நிற்கின்றது. அதே மலையில் வாழும் குழந்தைக்கோ, ஆசிரியரின் முகத்தைக் காண ஒரு கைப்பேசி இல்லை. இருந்தாலும் அலை இல்லை. உண்டு உறைவிடப் பள்ளி மூடியபோது பாடம் மட்டுமா போயிற்று? விடுதிச் சோறும் போயிற்று. பள்ளி திறந்த நாளில் பெயர் கூப்பிட்டபோது, விடை வராத பெயர்களை நானறிவேன். ஒரு பையன் செங்கற்சூளைக்குப் போயிருந்தான். ஒரு பெண்பிள்ளைக்குத் தாலி ஏறியிருந்தது. அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளை எந்தப் பெருந்தொற்றும் தொடவில்லை. ஆயினும் நாம் அவளை இழந்தோம்.

ஆகவே, தம்பி, உன் வினாவுக்கு என் விடை இது. நீ இரண்டு பொருள்களை ஒன்றாகக் கட்டிவிட்டாய். அவற்றைப் பிரித்துப் பார். காப்பு வேறு, கட்டுப்பாடு வேறு. காப்பில் மெலியார்க்கு முதலிடம் தர வேண்டும், ஐயமே இல்லை. 2021 சனவரி 16இல் தடுப்பூசி தொடங்கியபோது மருத்துவப் பணியாளர்க்கும், மார்ச்சு 1 முதல் அறுபது கடந்தோர்க்கும் நோயுடையோர்க்கும் முதலில் கொடுத்தார்களே, அது சரியான வரிசை. கேரளம் 2020இல் முதியோரை வீட்டில் இருத்தியபோது, அவர்கட்கு வேண்டிய மருந்தும் உணவும் வாயிற்படிக்கு வர வழிசெய்ய முனைந்ததே, அது காப்பு. 2021 ஆகத்து முதல் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் வீடு தேடி மாத்திரை வருகின்றதே, அது காப்பு. வீட்டைப் பூட்டாமலே அது உயிரைக் காக்கின்றது.

கட்டுப்பாடோ தாங்கும் தோளிலிருந்து தொடங்க வேண்டும். களியாட்டத்தை நிறுத்து, கட்சிக் கூட்டத்தை நிறுத்து, மதுக்கடையை மூடு, வீட்டிலிருந்தே பணிசெய்ய வாய்ப்புள்ளவனை வீட்டில் இருத்து. இவற்றால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஊரில் நோயின் வேகம் இவற்றால் குறையுமானால், பேணுகின்ற கை தூய்மையாக இருக்கும், பாட்டியும் பிழைப்பாள், கூலிக்காரனும் பிழைப்பான். இவை போதாமல் கூலிக்காரனையும் நிறுத்த நேர்ந்தால், அவன் கூலியை அரசு கொடுத்துவிட்டு நிறுத்தட்டும். 2020இல் அட்டைக்கு உருபா 1000, 2021இல் இருமுறையாக உருபா 4000 கொடுத்தார்கள். கொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தின் எத்தனை நாள் கூலி என்பதை உங்களில் கூலிக்குப் போகின்றவர்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை ஐந்து.

ஒன்று: நோய்க்காலத்தில் எந்தக் கட்டுப்பாட்டு ஆணையும் தமிழில், எளிய தமிழில், போதிய நாள் முன்னறிவிப்போடு வர வேண்டும்.

இரண்டு: வீட்டில் இருக்கச் சொல்லும் ஒவ்வொருவர்க்கும் உணவும் மருந்தும் வீடு தேடி வர வேண்டும். அவை வராத இடத்தில் ஆணையும் செல்லாது.

மூன்று: கூலியை நிறுத்தினால் கூலிக்கு ஈடு தர வேண்டும்.

நான்கு: பள்ளி இறுதியில் மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். மதுக்கடை முதலில் மூடப்பட வேண்டும்.

ஐந்து: எங்கே, எவ்வளவு நாள் என்பதைத் தில்லி முடிவு செய்யக் கூடாது. சமுனாமரத்தூரின் நோயைச் சமுனாமரத்தூர் அறியும். அந்தந்த ஊர்மன்றமும் மருத்துவரும் ஆசிரியரும் கூடி முடிவு செய்ய வேண்டும்.

இன்று அந்நோய் அடங்கிவிட்டது. 2023 மே திங்களிலேயே உலக நலவாழ்வு அமைப்பு அதன் நெருக்கடிக் காலம் முடிந்தது என்று அறிவித்துவிட்டது. பின் ஏன் இவ்வுரை என்று கேட்பீர்கள். வெள்ளம் வடிந்த கோடையில்தான் கரையை உயர்த்த முடியும். அடுத்த நோய் வரும் நாளில் நான்கு மணி நேரமே நமக்குக் கிடைக்கும் என்பதை மறவாதீர்கள்!

தம்பி, இக்கூட்டத்தில் நீ எங்கோ நின்றுகொண்டிருப்பாய். உன் பாட்டியை உள்ளே பூட்டிவிட்டு நீ பிழைக்க வேண்டியதில்லை. உன்னைப் பட்டினியிட்டு அவள் பிழைக்க வேண்டியதும் இல்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைத் தேர்ந்துகொள் என்று சொல்லும் ஆட்சியைத்தான் நாம் எதிரே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

காப்பு மெலியார்க்கு! கட்டுப்பாடு வலியார்க்கு! இதுவே தமிழறம்.